பாபநாசத்து நீரும் பொதிகையின் அபயமும்

பாபநாசத்தில் தாமிரபரணியில் முழுகினால் பாவம் தீரும் என்பது ஊர்ப்பெயரிலேயே உள்ள நம்பிக்கை. ஆறு பிறக்கும் பொதிகைக்கோ பௌத்த வரலாறும் உண்டு. அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்கிறது 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம். 7ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங், மலய மலையை ஒட்டிய பொதாலகத்தை அவலோகிதரின் இருப்பிடமாகக் குறிக்கிறார். அது பொதிகையே என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

தோழர்களே, அவலோகிதர் கருணையின் வடிவம். தாமரைச் சூத்திரம் அவரை 'அபயம் தருபவர்' என்றும் அழைக்கிறது. அஞ்சுகிறவரின் அச்சத்தைப் போக்காத இரக்கம் அங்கே கருணை ஆகாது.

மஜ்ஜிம நிகாயத்தின் வத்தூபம சுத்தமும் இதையே சொல்கிறது. அன்பு, கருணை, பிறர் மகிழ்வில் மகிழ்தல், சமநிலை ஆகிய நான்கையும் எல்லாத் திசைக்கும் பரப்பும் தியானத்தைப் புத்தர் விளக்குகிறார். ஆற்றுநீர் பாவத்தைக் கழுவும் என்ற சுந்தரிக பாரத்வாஜரிடம், எல்லா உயிர்க்கும் பாதுகாப்பாக இருப்பதே நீராட்டு என்கிறார். 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளிலும் உயிர்களிடம் கருணை கொண்டு காப்பது ஒன்று.

1999 ஜூலை 23 அன்று இதே ஆறு நெல்லையில் 17 உயிர்களைக் கண்முன் இழந்தது. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளரின் கூலிக்காக நடந்த பேரணி அது. போலீஸ் தடியடிக்குத் தப்ப மக்கள் ஆற்றில் இறங்கினார்கள்.

அந்த நினைவு நம்மில் அச்சமாகவும் கோபமாகவும் எழும். தியானம் அதை மறக்கச் சொல்வதில்லை. எழுவதை எழுவதாகவே அறிந்து, வெறுப்பாக முற்றவிடாமல் நிற்கப் பழக்குகிறது. அப்படி நிற்பவரே அடுத்த பேரணியில் பக்கத்தில் வருபவருக்கு அபயம் தர முடியும்.