சாவியும் விரலும்

சங்கரன்கோவிலுக்கு வருகிறவர்கள் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வதைக் காணலாம். தோல் நோய் தீரும் என்ற நம்பிக்கையில் உடலில் பூசிக்கொள்வோரும் உண்டு. தோலில் தோன்றும் நோய்களுள் மக்கள் பெரிதும் அஞ்சி வந்தது தொழுநோய். நோய் முற்றினால் விரல்கள் தாமே அழுகி உதிர்ந்துவிடும் என்று இன்றும் பலர் எண்ணுகின்றனர். என் வகுப்பு மாணவர்களைக் கேட்டபோது அவர்களும் அப்படியே கூறினர். இது தவறு என்று காட்டிய ஆராய்ச்சி நம் செங்கற்பட்டிலும் வேலூரிலும் நடந்தது. அதில் இயற்பியலுக்கும் பங்கு உண்டு.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் ஓர் ஆங்கிலேயப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். இங்கிலாந்தில் முதலில் கட்டட வேலையும் தச்சும் பழகி, பின்னரே மருத்துவம் பயின்றார். போர்க்காலத்தில் லண்டனில் குண்டுவீச்சில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தார். 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார். சிறிது காலத்தில், செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் இருந்த டாக்டர் காக்ரேனைக் காணச் சென்றார். அங்கே நோயாளிகளின் விரல்கள் கழுகின் நகம்போல் மடங்கிக் கிடந்தன. காரணம் கேட்டதற்கு, அதைச் சொல்ல வேண்டியவர் எலும்பு மருத்துவராகிய நீங்கள்தானே என்ற பொருளில் காக்ரேன் விடையளித்தாராம். பிராண்ட் ஒரு நோயாளியின் கையைப் பற்றித் தம் கையை அழுத்தச் சொன்னார். அவர் பிடித்த பிடியில் மருத்துவருக்கு வலி தாங்கவில்லை. செத்த கை என்று கருதப்பட்ட கையில் இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது?

முழங்கையின் உட்புறம் எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்கிறதல்லவா? அங்கே ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அருகில் ஓடுவதால் அவ்விடம் உடலின் உட்பகுதியைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். தொழுநோய்க் கிருமி குளிர்ச்சியை விரும்புவது. ஆகவே அத்தகைய இடங்களில் நரம்பு வீங்கி நசிகிறது. உள்ளங்கைச் சிறு தசைகள் செயலிழக்கின்றன, தொடு உணர்ச்சியும் வலியும் போகின்றன. ஆனால் விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நரம்புக் கிளை மேலேயே பிரிந்துவிடுவதால் அவை பழுதின்றி இருக்கின்றன. விரலை மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை எடுத்து வேறு வழியில் இணைத்தால், இழந்த சிறு தசையின் வேலையை அது செய்யும். 1948-இல் பிராண்ட் இம்முறையில் அறுவை செய்யத் தொடங்கினார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. நோயாளியும் சும்மா இருக்க முடியாது. புதிய இணைப்பைக் கொண்டு விரலை அசைக்க வாரக்கணக்கில் பழக வேண்டும்.

நிமிர்ந்த விரல்களில் புண்கள் வந்தன. சதை கெட்டது, ஆறாது என்பதே அக்காலத்துக் கருத்து. மாவுக்கட்டுப் போட்டு மூடி வைத்தபோதோ மற்றவர் புண்ணைப் போலவே அவையும் ஆறின. அப்படியானால் புண் எப்படி வருகிறது? ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, நோயாளியான ஒரு சிறுவன் வந்து சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். அவனுடைய விரலிலிருந்து இரத்தம் சொட்டியது. சாவியின் விளிம்பு தோலையும் சதையையும் கிழித்திருந்தது. அவனோ அதை அறியவே இல்லை.

நம் கணக்கிற்கு இங்கே வேலை வருகிறது. சாவியைத் திருப்பும் விரல் அச்சிலிருந்து 1 செ.மீ. தொலைவில் உள்ளது என்போம். சாவியின் துளையில் ஒரு கம்பியைச் செருகி 5 செ.மீ. தொலைவில் பிடித்தால், அதே திருப்புத்திறனுக்கு ஐந்தில் ஒரு பங்கு விசை போதும். சாவியின் விளிம்பு 20 சதுர மி.மீ. பரப்பில் அழுத்துகிறது என்றும், துணி சுற்றிய கைப்பிடி 200 சதுர மி.மீ. பரப்பில் அழுத்துகிறது என்றும் கொள்வோம். அழுத்தம் மேலும் பத்தில் ஒரு பங்காகிறது. ஆக மொத்தம் ஐம்பதில் ஒரு பங்கு! நமக்கு இந்தக் கணக்கைச் செய்வது வலி. வலிக்கும் முன்பே பிடியைத் தளர்த்துகிறோம். அச்சிறுவனுக்கு அந்த அளவுமானி இல்லை.

பிராண்ட் நோயாளிகளுடன் சேர்ந்து, ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். சுடுபாத்திரம், சுத்தியலின் பிடி, விளக்கின் சூடு என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. இரவில் விரல் குறைந்துபோன சிலரின் புதிர் விடுபட்டபோது குற்றவாளி எலி! உறங்குபவர் கடியை உணரவில்லை. அதற்குக் கண்ட மருந்து பூனை. வீடு திரும்பும் நோயாளிகளிடம் ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள். மற்றவற்றுக்குத் தடித்த மரப்பிடிகள் போட்ட கருவிகள் உதவின. தச்சு பழகியவருக்கு இது கைவந்த கலைதானே. கவனிக்கப்படாத காயத்தில் சீழ் பிடித்து எலும்பு கரைவதாலேயே விரல் குறுகுகிறது. உதிர்வது என்று ஒன்றில்லை.

1966-இல் அவர் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். சிறிய விசையும் ஆயிரக்கணக்கான முறை ஒரே இடத்தில் விழுந்தால் திசு சூடேறிப் புண்ணாகும் என்பதை எலியின் பாதத்தில் சோதித்துக் காட்டினார். கையின் இயக்கவியல் பற்றி 1985-இல் ஒரு நூலும் எழுதினார். 2003-இல் மறைந்தார்.

1980களின் தொடக்கம் முதல் கூட்டு மருந்து வந்துவிட்டதால் தொழுநோய் 6 அல்லது 12 மாதங்களில் குணமாகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. நம்பிக்கையுள்ளவர் புற்றுமண் பூசட்டும். ஆனால் வெளிறிய படையைத் தொட்டால் உணர்ச்சி தெரியவில்லை எனில், அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். நசிந்த நரம்பை மருந்து மீட்டுத் தருவது அரிது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி இழந்தவர்களின் கதையும் இதுவே. செருப்பில் கிடக்கும் சிறு கல் அவர்களுக்குத் தெரிவதில்லை. அவர்கள் புண்ணுக்கும் இன்று மாவுக்கட்டுப் போட்டு, அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிடுகிறார்கள்.