பார்த்தவர் யார்?

19ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் வியன்னா நகரில் எர்னஸ்ட் மாஹ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். பௌதிகத்தில் மட்டுமல்ல, தத்துவ விசாரத்திலும் அவர் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். அவர் எதிரில் யாராவது அணுவைப் பற்றிப் பேச்செடுத்தால், நீங்கள் ஒன்றையாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்பாராம். பேச்செடுத்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பார்த்தவர் யார் இருந்தார்கள் அப்போது?

அதை அசட்டுக் கேள்வி என்று நான் தள்ளிவிட மாட்டேன். கிரேக்க நாட்டு டெமாக்ரிட்டஸ், கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே, வெட்டமுடியாத சின்னஞ்சிறு துகள்களால் ஆனது உலகம் என்று சொன்னார். அவரும் பார்த்துச் சொல்லவில்லை. அரிஸ்டாட்டில் மறுத்தார்; அரிஸ்டாட்டில் சொல்லுக்கு எதிர்ச்சொல் வெகு காலம் எடுபடவில்லை. நம் நாட்டிலே கணாதர் பெயரால் வழங்கும் வைசேஷிகர்கள் பரமாணுவைப் பற்றி நுட்பமாக வாதித்தார்கள். எல்லாம் புத்தியால் எட்டிப் பிடித்தவைதாம். அதற்காக, அணுகுண்டு நம் சாஸ்திரத்திலேயே இருக்கிறது என்று மார்தட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

அணுவைத் தராசில் ஏற்றியவர் ஜான் டால்ட்டன். நெசவாளியின் மகன், மான்செஸ்டரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஜீவனம் செய்தவர். வர்ணங்களைச் சரியாகப் பிரித்துப் பார்க்க முடியாத கண் அவருக்கு. ரசாயனப் பொருள்கள் ஒன்றோடொன்று சேரும்போது எடை விகிதம் மாறாமல் இருப்பதைக் கவனித்து, ஹைட்ரஜனின் எடையை ஒன்று என்று வைத்துக்கொண்டு, 1803-இல் மற்ற அணுக்களின் எடைக்கு ஒரு பட்டியல் போட்டார். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்ஸிஜனும் இருப்பதாக அவர் எண்ணம். ஆகவே பட்டியலில் பிசகு நிறைய. இருந்தால் என்ன? ரசாயனக்காரர்களுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தது.

நான் சொல்ல வந்தது லூட்விக் போல்ட்ஸ்மானின் கதையை. 1844-இல் வியன்னாவில் பிறந்தவர். டம்ளரில் வைத்த காப்பி ஆறிப்போகிறது. ஆறின காப்பி தானாகச் சூடேறுவதில்லை. ஏன்? தினம் நடப்பதால் நாம் கேட்பதில்லை. அவர் கேட்டார். சூடு என்பது எண்ணிலடங்காத அணுக்களின் ஓட்டம்; அவை கலைந்து பரவுவதற்கு வழிகள் கோடி, ஒழுங்காகத் திரும்பிச் சேருவதற்கு வழி மிக மிகச் சொற்பம்; ஆகையால் காப்பி ஆறுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அணு இல்லையென்றால் அந்தக் கணக்கு இல்லை. அவருடைய ஆயுள்கால உழைப்பும் இல்லை.

சைவ சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சொல்வார்கள். மாஹ் காட்சியை விட்டு நகர மறுத்தவர். போல்ட்ஸ்மான் கருதல் கட்சி. மலையிலே புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்று சொல்லத் துணிந்தவர். வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு என்ற ரசாயன அறிஞரோ, அணு எதற்கு, சக்தி ஒன்றே போதும் என்றார். இவர் போல்ட்ஸ்மானுக்கு நண்பர் வேறு! சிநேகிதன் மறுப்பது, விரோதி மறுப்பதைவிட வலிக்கும் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

1906 செப்டம்பர் 5ஆம் தேதி, டிரியெஸ்ட் நகருக்கு அருகே டுயினோ என்ற கடற்கரை ஊரில், மனைவியும் மகளும் கடலில் குளிக்கப் போயிருந்த சமயம், போல்ட்ஸ்மான் தூக்குப் போட்டுக்கொண்டார்.

அணுவுக்காக உயிரை விட்டார் என்று எழுதிவிட என் போன்ற கதைக்காரனுக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அது நியாயமாகாது. வெகு நாளாகவே அவருக்கு மனச்சோர்வு நோய் உண்டு. ஆஸ்துமா, மங்கிவந்த பார்வை, எல்லாம் சேர்ந்திருந்தன. எது எவ்வளவு என்று பங்கு பிரிக்க நாம் யார்?

ஆனாலும் ஒன்று மனசை அறுக்கிறது. அதற்கு முந்தின வருஷமே, ஸ்விட்சர்லாந்தில் பேடெண்டு ஆபீஸ் உத்தியோகஸ்தராக இருந்த ஐன்ஸ்டீன் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய தூள்கள் ஓயாமல் துடிப்பதை 1827-இல் ராபர்ட் பிரௌன் பூதக்கண்ணாடியில் பார்த்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் நாலாபுறமும் இடிப்பதால்தான் அந்தத் துடிப்பு. இன்ன நேரத்தில் இவ்வளவு தூரம் நகரவேண்டும் என்று ஐன்ஸ்டீன் கணக்குச் சொன்னார். 1908-இல் பாரிஸில் ழான் பெரன், ஒரு மஞ்சள் மரப்பிசினை நுண்துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டு, பொறுமையாக எண்ணி அளந்து பார்த்தார். கணக்குச் சரியாக இருந்தது. 1909-இல் ஆஸ்ட்வால்டே அணு உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். கேட்டுச் சந்தோஷப்பட நண்பர்தான் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. வெட்டமுடியாதது உண்டா இல்லையா என்று வியன்னாவில் வழக்கு நடந்துகொண்டிருந்த 1897-லேயே, கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்ஸன் அதற்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டிவிட்டார்: எலெக்ட்ரான். பாயசத்தில் திராட்சை மாதிரி, அணுவுக்குள்ளே எலெக்ட்ரான்கள் பதிந்திருப்பதாக அவர் ஒரு சித்திரம் வரைந்தார். அதைக் கிழித்தவர் அவருடைய மாணாக்கர் ரூதர்ஃபோர்டு. 1909-இல் மான்செஸ்டரில் கைகரும், 20 வயது மாணவன் மார்ஸ்டனும் இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு உட்கார்ந்து, உலோகத் தகட்டில் மோதிய ஆல்பாத் துகள்கள் திரையில் உண்டாக்கும் மினுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். சுமார் 8,000-த்தில் ஒன்று, சுவரில் பட்ட பந்துபோலத் திரும்பி வந்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, அணு பெரும்பாலும் வெறுவெளி, நடுவில் கடுகாகத் திரண்ட ஒரு கரு என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு முடிவு கட்டினார். இரண்டு வருஷத்தில் அவரிடம் வந்துபோன நீல்ஸ் போர் அந்தச் சித்திரத்தையும் திருத்தினார். 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டார். 1938-இல் பெர்லினில் கரு பிளந்தது. 1945-இல் ஹிரோஷிமாவில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

தாம்ஸன் வீட்டுக் கதை இன்னும் ருசியானது. எலெக்ட்ரானைத் துகளாகக் கண்ட தகப்பனாருக்கு 1906-இல் நோபல் பரிசு. அதே எலெக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்கிறது என்று காட்டியதற்காக மகன் ஜார்ஜ் தாம்ஸனுக்கு 1937-இல் நோபல் பரிசில் பங்கு. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. கிழவர் 1940 வரை உயிரோடிருந்து அதையும் பார்த்துவிட்டுப் போனார்.

மாஹின் கேள்விக்கு வருவோம். 1955 அக்டோபரில், அமெரிக்காவில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையொன்றில், எர்வின் முல்லர் என்ற விஞ்ஞானியும் கன்வர் பகதூர் என்ற அவருடைய இந்திய மாணவரும் ஒரு டங்ஸ்டன் ஊசியின் முனையைக் கடுங்குளிரில் வைத்து, தாங்கள் அமைத்த கருவியின் திரையைப் பார்த்தார்கள். வரிசை வரிசையாக ஒளிப்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அணு.