பால்வாடி என்கிற சொல்

பால் கொடுக்கும் இடம் என்பதால்தான் அதற்குப் ‘பால்வாடி’ என்று பெயர் வந்தது எனச் சிறுவயதில் நம்பியிருந்தேன். எங்கள் ஊரில் பலர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அம்மா அங்கே டீச்சர். ‘பால்வாடி டீச்சர் மகள்’ என்றுதான் ஊரில் என்னை அடையாளம் சொல்வார்கள். அதில் கொஞ்சம் பிரியமும் கொஞ்சம் இளக்காரமும் கலந்திருக்கும். “சும்மா பிள்ளைங்களோட விளையாடுறதுக்குச் சம்பளம் வேற” என்று தெருவில் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருநாள் அப்பாவே வீட்டில் அதைச் சொன்னார். அம்மா பதில் சொல்லாமல் முறத்தில் இருந்த புளியங்கொட்டைகளைத் துணிப்பையில் அள்ளிக் கட்டினார். மறுநாள் பால்வாடிக்கு எடுத்துப்போக வேண்டியவை அவை.

அந்தப் ‘சும்மா’வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன்.

‘பால்’ என்பது இங்கே குழந்தையைக் குறிக்கிறது. ‘வாடி’ என்றால் மராத்தியிலும் குஜராத்தியிலும் தோட்டம். ‘அங்கன்’ என்றால் முற்றம். பால்வாடி, அங்கன்வாடி என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னாலும் தாராபாய் மோடக் என்ற பெண்ணின் உழைப்பு இருக்கிறது. 1892இல் பம்பாயில் பிறந்து பட்டம் பெற்றவர். மணவாழ்க்கை முறிந்த பிறகு ஆசிரியப் பணியைப் பற்றிக்கொண்டு நின்றவர். பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் சேர்ந்து குழந்தைக் கல்வியில் இறங்கினார். மான்டிசோரி முறையை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றும் வேலை அங்கே நடந்தது. 1926இல் இருவரும் நூதன் பால சிக்ஷண் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

மரியா மான்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததை நாம் பெருமையோடு சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் மான்டிசோரி பள்ளி என்றதும் நம் நினைவுக்கு வருவது மெருகேற்றிய மரச் சாமான்களும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும். அந்தச் சாமான்களை வாங்க முடியாத குழந்தைகளுக்கு என்ன வழி என்பதே தாராபாயின் கேள்வி.

1945இல் பம்பாய்க்கு வடக்கே கடலோரத்தில் உள்ள போர்டி கிராமத்தில் அவர் ஒரு மையத்தை அமைத்தார். கூடவே வந்தவர் அனுதாய் வாக். 13 வயதில் மணமாகி, சில மாதங்களிலேயே கணவரை இழந்தவர். பிறகு படித்து ஆசிரியரானவர். மணவாழ்வு முறிந்த ஒருவரும் விதவையான ஒருவரும் சேர்ந்து ஒரு நாட்டின் குழந்தைக் கல்விக்கு அடித்தளம் போட்டார்கள். இருவரையும் ‘தாயுள்ளம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுவது நம் வழக்கம். அவர்கள் செய்தது ஆய்வு. கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை ஆகியவற்றைக் கொண்டு எண்ணவும், ஒப்பிடவும், வகை பிரிக்கவும் எப்படிப் பழக்கலாம் என்று செய்து பார்த்தார்கள், எழுதினார்கள், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் மையத்துக்கு வராதபோது, மையம் அவர்களுடைய குடியிருப்புக்குப் போனது. அவர்கள் வீட்டு முற்றமே வகுப்பறை ஆனது. அதுதான் அங்கன்வாடி. 1957இல் அருகில் உள்ள கோஸ்பாட் குன்றுக்கு இடம் மாறி, வார்லி ஆதிவாசிக் குழந்தைகளோடு வேலை செய்தபோது இன்னொன்று தெளிவானது. பெரிய பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் பல வீடுகளில் இடுப்பில் இருக்கும் சின்னப் பிள்ளைதான். எனவே குழந்தைக் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் நடத்தினார்கள்.

இதைப் படித்தபோது அம்மாவின் மையத்து வாசல் எனக்கு நினைவுக்கு வந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் அங்கே நிற்பாள். அம்மா ஒருநாள் அந்தப் பிள்ளையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு, “நீ பள்ளிக்கூடத்துக்குப் போடி” என்றார். கோஸ்பாட் என்ற பெயரை அம்மா கேள்விப்பட்டதே இல்லை.

அவர் நடத்திய பாடங்களும் அப்படித்தான். புளியங்கொட்டையில் பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து சோழி. சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, “எத்தனை பேரு வந்திருக்காங்க? அத்தனை தட்டு எடுத்து வை” என்பார். அந்தப் பிள்ளை ஒவ்வொரு தலைக்கும் ஒரு தட்டாக வைத்துவிட்டு, கையில் ஒன்று மிஞ்சினால் திரும்ப எண்ணும். ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்ப்பதே எண்ணுக்கு அடிப்படை என்று கல்வி நூல்கள் சொல்கின்றன. ஊர் அதைச் சோறு போடுவதாக மட்டும் பார்த்தது.

ஏன் அப்படிப் பார்த்தது? 1840இல் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயர் சூட்டிய ஜெர்மானியர் ஃப்ரோபெல், விளையாட்டைக் கல்வியாக உயர்த்தினார். அந்தப் பணிக்குப் பெண்களின் தாய்மை இயல்பே தகுதி என்றும் கருதினார். அது பெண்களுக்கு ஒரு வேலைக்கான கதவைத் திறந்தது. அதே வேகத்தில் அந்த வேலையின் விலையையும் குறைத்தது. இயல்பாக வருவதற்கு எதற்குக் கூலி என்ற கேள்வி அங்கிருந்தே தொடங்குகிறது. விளையாட்டு வேலையல்ல, பெண் செய்வதும் வேலையல்ல. இந்த இரண்டு எண்ணங்களும் சேரும் இடத்தில் பால்வாடி டீச்சர் நின்றார்.

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. தாராபாய் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். ‘அங்கன்வாடி’ என்ற பெயரை அரசு எடுத்துக்கொண்டது. சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை என்ற ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. அத்தனையையும் சுமந்தவர்கள் ‘கௌரவப் பணியாளர்கள்’ எனப்பட்டார்கள், கிடைத்தது மதிப்பூதியம். தமிழ்நாட்டில் அது பின்னர் சிறப்பு காலமுறை ஊதியம் ஆனது. அவர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

குஜராத்தின் அங்கன்வாடிப் பெண்கள் பணிக்கொடை கேட்டு வழக்காடினார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு அங்கே நடப்பது கல்விப் பணி என்பதும் தீர்ப்பின் காரணங்களில் ஒன்று. தாராபாய் பாவ்நகரில் தொடங்கிய வாதத்துக்கு, அதே மாநிலத்துப் பெண்கள் சட்டத்தின் வழியாக ஒரு பதிலைப் பெற்றுத் தந்தார்கள்.

இன்று விளையாட்டு வழிக் கல்வி என்று விளம்பரம் செய்யும் தனியார் மழலையர் பள்ளிகள் நகரமெங்கும் இருக்கின்றன. அங்கே பெற்றோர்கள் அதே புளியங்கொட்டைக்குப் பணம் கட்டுகிறார்கள். ‘சும்மா’ என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

தீர்ப்புச் செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அப்ப நான் டீச்சர்தான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “உங்க அப்பா இருந்திருந்தா அவருக்கும் வாசிச்சுக் காட்டியிருக்கலாம்” என்றார்.