கருணாபுரம் 2024: கிளினிக்கா? பெரியாஸ்பத்திரியா?

காய்ச்சல் வந்தால் தெருமுனை கிளினிக்குக்குப் போகிறோம். ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறோம். பெரும்பாலும் அது போதும். எப்போது போதாது என்பதை 2024-ஆம் ஆண்டு நடந்த கருணாபுரம் துயரம் நமக்குக் காட்டுகிறது.

கருணாபுரம், கள்ளக்குறிச்சி நகரின் ஒரு பகுதி. கல்வராயன் மலை இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. வெல்லமும் மரப்பட்டையும் ஊறவைத்துச் சாராயம் காய்ச்சுவது அம்மலையில் பழைய தொழில். மதுவிலக்கும் இப்பகுதிக்குப் புதிதல்ல. 1937-இல் இராஜாஜி அதைத் தொடங்கியது பக்கத்துச் சேலம் மாவட்டத்தில்தான். ஆனால் கருணாபுரத்தில் ஆளைக் கொன்றது மெத்தனால் என்ற தொழிற்சாலை ரசாயனம்.

ஜூன் 18 அன்று பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு மறுநாள் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல், மூச்சுத்திணறல். முதலில் இறந்தவர்களுக்கு வயிற்றுவலி, வலிப்பு என்று வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. சாராயம் காரணமல்ல என்று மாவட்ட நிர்வாகமும் முதலில் கூறியது. கடைசியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

தாமதம் ஏன் இவ்வளவு ஆபத்து? மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. கல்லீரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அதனால் பலருக்கு 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும், மூச்சு முட்டும். அந்த மாற்றத்தைத் தடுக்க ஃபோமெபிசோல் அல்லது மருத்துவர் அளந்து தரும் எத்தனால் வேண்டும். விஷத்தை ரத்தத்திலிருந்து நீக்க டயாலிசிஸ் வேண்டும். இவற்றைத் தெருமுனை கிளினிக்கில் எதிர்பார்க்க முடியாது. பாதிக்கப்பட்டவர்கள் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மரிலும் சேர்க்கப்பட்டது இதனால்தான்.

ஆக, நாம் நினைவில் வைக்க வேண்டியவை:

கிளினிக் போதும்: சாதாரணக் காய்ச்சல், சளி, சுளுக்கு, சிறு வெட்டுக்காயம், லேசான வயிற்றுப்போக்கு.

நேரே பெரியாஸ்பத்திரி: மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, மயக்கம், திடீர்ப் பார்வை மங்கல், பாம்புக்கடி, எந்த விஷமானாலும்.

ஒரே இடத்தில் சாப்பிட்ட, குடித்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் உடம்புக்கு முடியவில்லை என்றால், அது விஷமாக இருக்கலாம். இன்னும் ஒன்றும் தெரியாதவர்களையும் சேர்த்து அழைத்துப் போக வேண்டும்.

108 ஆம்புலன்ஸ் தமிழகத்தில் 2008 முதல் ஓடுகிறது. கட்டணம் இல்லை. போலீஸ் வருமோ என்று பயந்து குடித்ததை மறைப்பவர்கள் உண்டு. டாக்டரிடம் உண்மையைச் சொன்னால்தான் சரியான மருந்து கிடைக்கும். வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உயிரை முதலில் காப்போம்.