செருப்புத் தைப்பவர் கேட்ட புத்தகம்

புனித அகுஸ்தினாரை மனந்திருப்பியது தாய் மோனிக்காவின் கண்ணீர் என்று நமக்குத் தெரியும். ஆனால் 19 வயதில், கார்த்தேஜ் நகரில் பேச்சுக்கலை படித்தபோதே, ஒரு புத்தகம் அவரை உலுக்கிவிட்டது. உரோமை அறிஞர் சிசரோ கி.மு. 45-இல் எழுதிய ‘ஹொர்த்தென்சியுஸ்’ அது. மொழிநடைக்காகத்தான் எடுத்தாராம். படித்து முடித்தபோது பதவியும் புகழும் கசந்து, ஞானத்தின்மேல் தாகம் பிறந்தது என்று ‘ஒப்புதல்கள்’ நூலில் அவரே எழுதுகிறார்.

சிசரோவுக்கு இது எங்கிருந்து வந்தது? சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில் எழுதிய ஓர் அழைப்பு நூலிலிருந்து. சைப்பிரஸ் தீவில் ஆண்ட தெமிசோன் என்ற அரசருக்கு, ‘மெய்யறிவைத் தேடுங்கள்’ என்று எழுதியது அது. அரிஸ்டாட்டிலோ 20 ஆண்டுகள் பிளேட்டோவின் பள்ளியில் இருந்தவர். செல்வமும் உடல்நலமும் இருந்தால் போதாது, அவற்றைச் சரியாகப் பயன்படுத்தும் அறிவு வேண்டும் என்று ஓர் இளைஞனிடம் சாக்ரடீஸ் பேசுவதை பிளேட்டோ ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். சாக்ரடீஸ் தம் கையால் எதையும் எழுதவில்லை.

குருமடத்தில் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்தோம். எனக்குப் பிடித்தவரோ தேர்வில் வராத ஒருவர். கிராத்தேஸ் என்ற ஏழை ஞானி, செருப்புத் தைப்பவர் ஒருவரின் கடையில் உட்கார்ந்து அரிஸ்டாட்டிலின் அந்த நூலை உரக்கப் படித்தார். செல்வமும் பெயரும் உள்ள அரசரைவிட ஞானத்தைத் தேட வசதி படைத்தவர் யாருமில்லை என்றிருந்தது அதில். கடைக்காரர் பிலிஸ்கோஸ் தையலை நிறுத்தாமலே கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதைக் கண்ட கிராத்தேஸ், “உனக்கே ஓர் அழைப்பு நூல் எழுதப்போகிறேன், அந்த அரசரைவிட உனக்குத்தான் தகுதி அதிகம்” என்றாராம். சொன்னவர் அவருடைய மாணவர் சீனோ. ஸ்தோயிக்கர் மரபைத் தொடங்கியவர்.

அரிஸ்டாட்டிலின் நூலும் சிசரோவின் நூலும் பின்னாளில் தொலைந்தன. சிரியாவைச் சேர்ந்த இயாம்பிலிக்கஸ் என்பவர் தம் நூலில் அரிஸ்டாட்டிலின் பக்கங்களைப் பெயர் சொல்லாமலே சேர்த்திருந்தார். (நம் பள்ளிப் பிள்ளைகள் செய்தால் மதிப்பெண் போய்விடும்!) 1869-இல் பைவாட்டர் என்ற ஆங்கில அறிஞர் அதைக் கண்டுபிடித்ததால் ஒரு பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது.

அகுஸ்தினாருக்கு ஒரு குறை: சிசரோவின் நூலில் கிறிஸ்துவின் பெயர் இல்லை. விவிலியத்தைத் திறந்தார், நடை எளிமையாக இருக்கிறதென்று மூடிவிட்டார். திருமுழுக்குப் பெற இன்னும் 13 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஆனால் ஆயரான பிறகு, மூவொரு கடவுளைப் பற்றிய தம் பெரிய நூலில், சிசரோவின் அந்த நூல் முடியும் பகுதியை எடுத்து எழுதினார். அந்த வரிகள் இன்றும் நம்மிடம் இருப்பது அதனால்தான்.