காணாமல் போகாதவர்கள்

1969 மே மாதம் பிரான்சின் ஓர்லேயான் நகரில் ஒரு வதந்தி பரவிற்று. துணிக்கடைகளில் உடை போட்டுப் பார்க்கும் அறைக்குள் போகும் இளம்பெண்கள் மயக்க மருந்து செலுத்தப்பட்டு, விபசாரத்துக்காக வெளிநாட்டுக்குக் கடத்தப்படுகிறார்கள் என்று. பெயர் அடிபட்ட கடைக்காரர்கள் அநேகமாக எல்லோரும் யூதர்கள். போலீசில் ஒரு பெண்கூடக் காணாமல் போனதாகப் பதிவில்லை. அதுவே சாட்சியமாயிற்று: போலீஸ் விலைபோய்விட்டது, பத்திரிகைகளும்தான். மே 31 அன்று கடைகளின் முன் கூட்டம் திரண்டது.

எட்கார் மோரன் தன் குழுவினருடன் அங்கு போய் ஆராய்ந்து அதே ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மாணவிகளிடையே கிளம்பிய பேச்சு தாய்மார்களிடம் சென்று பயமாகக் கெட்டிப்பட்டதை அவர் காட்டுகிறார். மகள்களின் புதிய சுதந்திரம் பற்றிய கலக்கத்துக்கு ஒரு கடைக்காரனின் முகம் தேவைப்பட்டிருக்கிறது.

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அந்த மாவட்டத்திலிருந்து மனிதர்கள் காணாமல் போனது உண்மைதான். 1942இல், பித்திவியே, போன்-லா-ரோலாந்த் முகாம்களிலிருந்து யூதர்கள் ரயிலேற்றி ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள். 27 வருஷங்களுக்குப் பின், கடத்தப்பட்டவர்களின் இனத்தையே வதந்தி கடத்தல்காரர்களாக்கிவிட்டது. ஆகவே வதந்தியைப் பொய் என்று நிரூபிப்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. எதைப் பேசாமலிருக்க ஓர் ஊர் இதைப் பேசியது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.