லட்டுக்கு முன் தராசு

பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் தமிழ்நாடு பழம் தின்று கொட்டை போட்ட மாநிலம். ஆனால் 1970களின் தொடக்கத்தில் இங்கே நடந்த ஓர் ஊட்டச்சத்து ஆய்வு சங்கடமான செய்தியைச் சொன்னது. சத்துக் குறைவால் அதிகம் பாதிக்கப்படுவது மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். திட்டங்களின் உணவோ பெரும்பாலும் அதற்கு மேற்பட்டவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் பங்கு போட ஆள் இருந்தது. அல்லது, அதைச் சாக்காக வைத்து வீட்டில் ஒரு வேளை குறைந்தது.

அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முதலில் சோதித்துப் பார்த்தார்கள்.

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் மாதாமாதம் எடை. தராசைக் கண்டதும் வீறிட்டு அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்தி, எடையை அட்டையில் புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார் ஊழியர். கோடு ஏறினால் சரி. படுத்துவிட்டாலோ இறங்கினாலோ அந்தக் குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துணவு. தேறியதும் நிறுத்திவிடுவார்கள். கொடுத்தது தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்த லட்டு. தின்பண்டமாக இருந்ததால் வீட்டுச் சோற்றைக் குறைக்கத் தோன்றாது. மையத்திலேயே தின்ன வைத்ததால் பங்கும் போகாது. இந்த ஒரு யோசனைக்காகவே திட்டம் போட்டவர்களைப் பாராட்டலாம்.

ஊழியரைத் தேர்ந்தெடுத்த விதமும் அப்படித்தான். உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். வறுமையிலும் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்தவரானால் இன்னும் நல்லது. அப்படிப்பட்டவர் சொன்னால் ஊர் கேட்கும்.

ஒரு பிள்ளைக்கு லட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இல்லை என்பதைத் தாய்மார்களிடம் விளக்குவது லேசான வேலையாக இருந்திருக்காது. எனக்கும் அது சற்றுக் கறாராகவே படுகிறது. ஆனால் கையில் இருந்த பணம், தேவைப்பட்டவருக்கே போக வேண்டியிருந்தது.

பலன் கிடைத்ததா? கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. நடுத்தரக் குறைவில் அந்த அளவு வெற்றி இல்லை. கணக்குப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்து, இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்குக் கிராமமெங்கும் சோறு கிடைத்தது. ஒப்பிடுவதற்காக ஒதுக்கி வைத்த ஊர்களிலும்தான். எது எதனால் என்று பிரித்துச் சொல்வது ஆய்வாளர்களுக்குத் தலைவலியானது. பிள்ளைகளுக்கு அதனால் நட்டமில்லை.

1997இல் இரண்டாம் கட்டமும் முடிந்தது. எடை பார்க்கும் வழக்கம் இன்றும் அங்கன்வாடிகளில் தொடர்கிறது. உங்கள் வீட்டுக் குழந்தையின் அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்த மாத எடையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். போன மாதம் எவ்வளவு என்றும் பாருங்கள்.